விரல்கள் தெரியும் போன்

என் கணவருக்குக் காது கேட்காது, பிறந்ததிலிருந்தே. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். நான் கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். திங்கட்கிழமை காலை முதல் பஸ் பிடித்து மேலே போனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கீழே இறங்குவேன். இடையில் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கல்.

ஸ்கூட்டர் ரிப்பேருக்குப் போன இடத்தில்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். வண்டியில் என்ன கோளாறு என்று நான் பேசிக்கொண்டே போக, அவர் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு அட்டைத் துண்டில் பிளக் படம் வரைந்து காட்டினார். அந்த வருஷம் என் ஸ்கூட்டருக்கு வராத ரிப்பேரெல்லாம் வந்தது. சைகையை அவரிடமேதான் கற்றுக்கொண்டேன். என் தாடையில் ஒரு மச்சம் உண்டு. அந்த இடத்தை விரலால் தொட்டால் அது நான். அதுதான் அவர் எனக்கு வைத்த பெயர்.

அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனால் அது அவருக்கு வேறொரு பாஷை. நாலு வரி மெசேஜ் அனுப்பினால் இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியை அவராக நிரப்பிக்கொள்வார். அதனால் நான் மலையில் இருக்கும் நாட்களில் எங்களுக்குப் பேச்சு என்றால் வீடியோ கால்தான். முகம் தெரியணும், இரண்டு கையும் தெரியணும், ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரியணும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு போன் வாங்க நான் அப்படி அலைந்தது கிறுக்குத்தனமாகத் தெரியும்.

பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் அங்கே போய்விடுவேன். ஐந்தேகாலுக்கே போய்விடுவேன் என்பதுதான் நிஜம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவர் கடையில் யாருடைய வண்டியையாவது பிரித்துப் போட்டிருப்பார், கை துடைத்துவிட்டு வர நேரமாகும், எல்லாம் தெரியும். இருந்தாலும் ஐந்து நாற்பதைத் தாண்டினால் தொட்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவேன். நேரம் போகப் போக, எந்த லாரி எந்த வளைவில் வந்தது என்கிற வரைக்கும் மனசு போய்விடும். ஒருவருக்கு ஹாரன் கேட்காது என்றால் அவரைக் கல்யாணம் செய்தவளுக்கு எல்லா ஹாரனும் கேட்கும்.

அப்போது என்னிடம் இருந்தது பழைய போன். முன்பக்கக் கேமராவில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். பாட்டரி முப்பது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். மாற்றணும், மாற்றணும் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதன்கிழமையிலிருந்தே மழை. வியாழன் மத்தியானம் போன கரண்ட் வரவில்லை. வெள்ளி காலையில் என் போன் செத்துவிட்டது. எப்படியும் சாயங்காலம் வீட்டில் இருப்போம் என்று நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பள்ளி விட்டதும் பஸ் ஏறினேன். கரியாலூர் தாண்டி ஏழெட்டு வளைவு இறங்கியிருக்கும், பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று, வேரோடு சாய்ந்து, மின்கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிடந்தது.

கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "மரம் வுழுந்து கெடக்குது. கம்பியும் அதுலயே சிக்கிக்கினு கீது. கரண்ட்டு இருக்குதா இல்லையானு தெரியல. யாரும் கிட்ட போவாதீங்க."

எல்லோரும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பொரி சாப்பிட ஆரம்பித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவரின் போனை வாங்கிப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் குரல் கால் போட்டு என்ன செய்வது? மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸின் நீளத்துக்கு மேலும் கீழும் நடந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கமும் வண்டிகள் வந்து நின்றன. அந்தப் பக்கத்து ஆட்கள் ஏதோ கத்தினார்கள். ரோட்டோரம் ஓடை பெருகி ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அந்தப் பக்கக் கூட்டத்தில் ஒரு நீல மழைக்கோட்டு முன்னால் வந்தது. தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் தெரிந்தது, அவர்.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் பார்த்துவிட்டார். முதலில் தன் தாடையைத் தொட்டார். உடனே முகம் மாறிவிட்டது. அவருக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன்.

போன் ஏன் ஆஃப், என்றார் கையால்.

கரண்ட் இல்லை, பாட்டரி இல்லை, என்றேன்.

அவர் விரல்கள் விறுவிறுவென்று ஓடின. மலையில் ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டதாகக் கடையில் யாரோ போனில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். என்ன பஸ், எங்கே என்று எதுவும் தெரியாது. என் போனுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். யாரிடமும் கேட்க முடியாதே, அதனால் பெண்கள் வார்டுக்குள் நுழைந்து கட்டில் கட்டிலாக முகத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே இருந்த ஒருவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். அதன் பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு மழையில் மலையேறியிருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன், என்றார். எட்டிப் பார்ப்பதைச் செய்தும் காட்டினார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். பிறகு மறுபடி திரும்பினார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் இதற்குள் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மஞ்சள் மூட்டையோடு வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "டீச்சர், அவரு உங்க வூட்டுக்காரருங்களா? மரம் வெட்ட ஆளுங்க வராங்களானு கேளுங்க."

கேட்டேன். கச்சிராயபாளையம் தாண்டும்போது மின்வாரிய வண்டியும் ரம்பத்தோடு ஆட்களும் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாராம். கவிழ்ந்தது பஸ் இல்லை, மரவள்ளி ஏற்றிய டிராக்டர், யாருக்கும் பெரிய அடி இல்லை என்பதையும் இங்கே வந்த பிறகுதான், யாரோ எழுதிக் காட்டித் தெரிந்துகொண்டாராம். எல்லாவற்றையும் நான் வாய்விட்டுச் சொன்னேன். பஸ்ஸே நிம்மதியாயிற்று. அவருக்கும் எனக்கும் மட்டும் ஆகவில்லை.

இருட்டுவதற்குள் மரத்தை அறுத்து வழிவிட்டார்கள். நான் பைக்கில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து இறங்கினேன். வண்டி ஓட்டும்போது அவர் கை ஹேண்டில்பாரில் இருக்கும், பேச்சு கிடையாது. அடிவாரத்தில் அணைக்கட்டுத் தண்ணீர் தெரிகிற இடம் வரைக்கும் அவர் முதுகு விறைப்பாகவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் போனைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். இதைத் தூக்கிப் போடு, என்றார்.

மறுநாளே வாங்கியிருக்கலாம். ஆனால் மேலே எந்த போன் ஒழுங்காக எடுக்கும் என்று தெரியாமல் எப்படி வாங்குவது? அடுத்த வாரம் முழுக்க நான் பார்த்த வேலை அதுதான். தலைமையாசிரியை போன், சயின்ஸ் சார் போன், மாமூலாக வரும் நர்ஸம்மா போன், சத்துணவு சமைக்கிற அக்கா போன் என்று ஒவ்வொன்றாக வாங்கி, என் சிம்மைப் போட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே கல்லின்மேல் நின்று அவருக்கு வீடியோ கால் போட்டேன். கொடுக்கத் தயங்கினவர்களிடமும் விடவில்லை.

சயின்ஸ் சார் சிரித்தார். "டீச்சர், ஓட்டு கணக்கெடுக்கற மாதிரி கெளம்பிட்டீங்களே."

அவருடையதுதான் இருந்ததிலேயே புதுசு. அதில் படம் நின்று நின்று வந்தது. சமையல் அக்காவின் போனில் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல், பின்மூடிக்கு ரப்பர் பேண்டு. அதில் என் கணவர் முகம் தெளிவாக வந்து, விரல்கள் நிற்காமல் ஓடின.

"இன்னா டீச்சர், நம்ம போன்ல வருதா?" என்று அக்கா பெருமையாகக் கேட்டார். "எங்க வூட்டுக்காரரு தேன் எடுக்கப் போன எடத்துல கூட இதுல பேசுவாரு."

அது என்ன மாடல் என்று எழுதிக்கொண்டேன். கள்ளக்குறிச்சியில் விசாரித்தபோது அது வருவது நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றார்கள்.

சனிக்கிழமை பெரிய ஷோரூம் ஒன்றுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் கண் கூசுகிற வெளிச்சம். ஸ்பீக்கரில் பாட்டு. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து என்னிடம் மட்டும் பேசினார்.

"இது பாருங்க மேடம். பின்னாடி மூணு கேமரா. நிலாவையே கிட்ட புடிச்சிடலாம்."

"முன்னாடி கேமராதாங்க முக்கியம்."

"செல்ஃபியா? சூப்பரா வரும் மேடம். முகத்துல ஒரு புள்ளி தெரியாது. சாருக்கும் காட்டட்டுமா? சார் பேச மாட்டாரா?"

"அவரைப் பாத்தே கேளுங்க."

அவர் என் கணவரைப் பார்த்து அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்டார். என் கணவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, போனை வெளியே எடுத்துப் போய், மர நிழலில் வைத்துப் பார்க்கலாம் என்றார். கேமராவைத் தூரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றார். விற்பனையாளர், போனை வாசலுக்கு வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள், இந்த ஆஃபர் இன்றைக்கு மட்டும்தான், இந்தக் கலரில் ஒன்றுதான் பாக்கி என்றார். எனக்குள் ஏற்கனவே அரிப்பு. திங்கட்கிழமை மறுபடி அந்தச் செத்த போனோடு மேலே போகணுமா என்ற நினைப்பு. எல்லாம் நல்லாத்தான் இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வாங்கிவிட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அது ஒன்றும் சைகை இல்லை, எல்லோருக்கும் புரிகிறதுதான்.

தொட்டி மேட்டில் முதல் நாளே தெரிந்துபோயிற்று. சிக்னல் பரவாயில்லை. ஆனால் சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய, என் கை அசைகிற இடமெல்லாம் அவருக்குப் புகை மாதிரி இழுபட்டுத் தெரிந்திருக்கிறது. கையை அசைக்காமல் வைத்தால் விரல் தெரியும், அசைத்தால் கரைந்துவிடும். அசைக்காமல் நாங்கள் எப்படிப் பேசுவது? போனை எவ்வளவு தள்ளி வைத்தாலும் ஒரு முழங்கை வெளியே போய்விட்டது. இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். திரையை நெருங்கி வந்து என் தாடையையே பார்த்தார். மச்சம் எங்கே, என்று கேட்டார். முகத்தை வழவழப்பாக்குகிற ஏதோ ஒன்று அதில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் தேடித் தேடி அதை அணைத்தேன். மச்சம் வந்தது. விரல் வரவில்லை.

அடுத்த வாரம் எனக்குச் சளி. புதன்கிழமை பேசும்போது இருமினேன். காய்ச்சலா என்று கேட்டார். காய்ச்சல் இல்லை, சளிதான் என்றேன். மேகம் போட்டு இருட்டாகிவிட்டிருந்தது. அந்த 'இல்லை' என் கையிலிருந்து கிளம்பி அவரிடம் போய்ச் சேரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பும் அறுந்துவிட்டது.

வியாழன் காலை இரண்டாவது பீரியட். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் மாத்திரைக் கவர், இரண்டு இளநீர், என் கம்பளி. கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

சூடு இல்லை, என்றார்.

அதைத்தானே சொன்னேன், என்றேன்.

அன்றைக்கு அவர் ஒருவருக்கு வண்டி முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்த நாள். அந்த ஆள் பூட்டின கடையைப் பார்த்துவிட்டு வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார். தலைமையாசிரியை என் கணவரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். பிள்ளைகளில் இரண்டு பேர் மத்தியானத்துக்குள் 'காய்ச்சல்', 'இல்லை' இரண்டுக்கும் சைகை கற்றுக்கொண்டுவிட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் பைக் சத்தம் வளைவில் மறைந்ததும் எனக்கு அழுகையாக வந்தது. நான்தான் அவசரப்பட்டேன். அவர் நிழலில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னார்.

ஷோரூமில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். போனில் குறை ஒன்றும் இல்லையே என்றார்கள். அதுவும் சரிதான். ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது நல்ல போன். எங்களுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

கச்சிராயபாளையம் போகும் ரோட்டில் ஒரு சின்னக் கடை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா நடத்துகிறார். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் அவரே உட்கார்ந்து டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருப்பார். அந்தச் சனிக்கிழமை, இந்த முறை என் கணவர் சொல்கிறபடிதான் கேட்பேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன்.

அந்த அம்மா தலையை நிமிர்த்தி, "இன்னா பாக்குறீங்க?" என்றார். நான் வாய் திறக்கும் முன்னே என் கணவர் தன் காதைத் தொட்டு, கையை அசைத்து, பிறகு இரண்டு கையாலும் பேசிக் காட்டி, போனைச் சுட்டினார். அந்த அம்மா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"ஓ. கையால பேசுறதுக்கா? ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தாங்க," என்றேன். "நான் மலையில இருக்கேன்."

"அப்ப ஜாஸ்தி விலையில போவாதீங்க. அதுல பின்னாடி கேமராவுக்குத்தான் காசு புடுங்குவான். இருங்க."

நாலைந்து போன்களை எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் தன் வைஃபையில் இணைத்தார். எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்து, ஷட்டரையும் பாதி இறக்கினார். என் கணவர் உள்ளே பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் நின்றுகொண்டார். நான் வெளியே படிக்கட்டில் நின்றேன். ஒவ்வொரு போனாக மாற்றி மாற்றிப் பேசினோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்பதில் ஆரம்பித்தோம். மூன்றாவது போனில் அவர் இருட்டிலிருந்து, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் அந்தக் கட்டம் போட்ட சட்டையைத்தான் போடுவேன் என்றார். ஒரு விரல் தப்பாமல் எனக்குப் புரிந்தது. முடியாது என்றேன். அதுவும் அவருக்குப் புரிந்தது. இரண்டு முழங்கையும் திரைக்குள் இருந்தன.

அந்த அம்மா சொன்னார்: "இது லேசா அகலமா எடுக்கும். குரூப் போட்டோக்குனு குடுத்திருக்கான். உங்களுக்கு வேற மாதிரி ஒதவுது."

பிறகு என் கணவர் தன் சோதனையை ஆரம்பித்தார். கடை வாசலில் நின்ற எங்கள் பைக்கை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு போன். கண்ணை மூடிக்கொண்டார். நான் உள்ளேயிருந்து கால் போட்டேன். என்ஜின் அதிர்வில் போன் அதிர்வது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த போன். தெரியவில்லை. கட்டம் போட்ட சட்டையைப் பற்றிப் பேசிய அந்த போனை வைத்தபோது உடனே கண்ணைத் திறந்து மார்பைத் தொட்டார். மறுபடி பேன்ட் பையில் வைத்துப் போடச் சொன்னார். மறுபடி தெரிந்தது. ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எனக்கும் அன்றைக்கு இல்லை.

விரல் ரேகை வைத்துத் திறப்பது அவருக்கு ஆகவில்லை. கிரீஸும் தேய்மானமும் சேர்ந்து அவர் விரல்களை எந்த போனும் மனுஷ விரலாக ஏற்றுக்கொள்ளவில்லை. கோடு போட்டுத் திறக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். கால் வந்தால் பின்பக்க ஃபிளாஷ் மின்னுகிற மாதிரி செட்டிங்கில் ஒன்று இருப்பதை நான் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாவுக்கே அது புதுசு. "இத்தன வருஷமா விக்கிறேன், எனக்கே தெரியல பாருங்க," என்றார்.

ஷோரூமில் நான் வாங்கிய போனை அந்த அம்மாவே எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் அதே மாடல் கொடுத்தார். மலையில் சிக்னல் எப்படி என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. "பொய் சொல்ல மாட்டேன். மேல எடுக்குமா எடுக்காதானு போய்ப் பாத்தாத்தான் தெரியும். ஒரு வாரம் வெச்சிப் பாத்துட்டு, ஆவலனா எடுத்துக்கினு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கள் காலை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் போனைத் திறந்து கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டே போனேன். சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில், கல்லின்மேல் போனை நிறுத்தி வைத்து அவரைக் கூப்பிட்டேன். வந்தார். தெளிவாக வந்தார். தாடையைத் தொட்டார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் மேகம் இறங்கி, படம் நின்றுவிட்டது. அவர் கை பாதியில் தொங்கியபடி நின்றது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கூப்பிட்டுத்தான் பேசணும் என்று ஏன் அடம்பிடிக்கிறேன்? போனைக் கல்லின்மேலேயே வைத்து, சொல்ல வேண்டியதைக் கையால் சொல்லி, ஒரு நிமிஷ வீடியோவாக எடுத்து அனுப்பினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை. அறைக்குப் போய்ச் சட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ வந்த ஒரு துளி சிக்னலில் அது போய்விட்டது. மறுநாள் இடைவேளையில் மேட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவரிடமிருந்து மூன்று வீடியோ. முதலாவது பதில். இரண்டாவதில், பல் தேய்த்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஏதோ சொல்கிறார், பாதி புரியவில்லை. மூன்றாவதில், வாடிக்கையாளர் ஒருவர் பேசப் பேச போன் தானாகவே எழுத்தாக மாற்றிக் காட்டியதை எனக்குப் பிடித்துக் காட்டுகிறார். வந்தவர் வண்டி 'இன்னாமோ சவுண்டு வுடுது' என்று சொல்லியிருக்கிறார். போன் அதை ஏதோ அண்ணாமலை சவுக்கு என்று எழுதியிருந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கூப்பிட்டுப் பேசியிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். நல்லா இருக்கியா, சாப்பிட்டாச்சா என்பதற்குள் சிக்னல் போயிருக்கும்.

போன் மாறியதும் என் பதற்றம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. முன்பு ஐந்தரைக்குத் தொட்டியைச் சுற்றுவேன். இப்போது பத்து மணி இடைவேளையிலும் போய்ப் பார்க்கிறேன். வீடியோ போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் வந்திருக்கும். அவர் பார்த்திருக்க மாட்டார். ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று புதிதாக ஒரு கவலை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை எங்களுக்குள் நல்ல சண்டை வந்தது. இடமாறுதலுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கீழே கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் காலி. நான் எழுதிக் கொடுக்காமல் கடைசி நாளைத் தாண்டவிட்டுவிட்டேன். நான் மலைக்கு வந்த புதிதில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் இப்போதுதான் என்னிடம் வாயைத் திறக்கிறார்கள். இந்த வருஷம் அவர்களை விட்டுப் போக மனசு வரவில்லை. அதை அவரிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. ரிப்பேருக்கு வண்டி விட வந்த வேறொரு டீச்சர் மூலம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கென்று பார்த்து வானம் வெளுத்திருந்தது, சிக்னல் முழுசாக இருந்தது. அவர் கேட்டார், என்னைக் கேட்கணும் என்றே உனக்குத் தோணலையா? நான் காரணங்களை அடுக்கினேன். அவர், நீ மேலே, நான் கீழே, இன்னும் எத்தனை வருஷம் என்றார். பதில் இல்லாதபோது நான் குரலை உயர்த்துகிறவள். கையையும் அப்படித்தான் பெரிதாக வீசினேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். திரை கறுப்பாயிற்று. என்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அப்புறம்தான் அவர் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.

முன்பெல்லாம் எங்கள் சண்டை சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கும். அதற்குள் பாதி ஆறிவிடும், மீதியை மறந்துவிடுவோம். இப்போது செவ்வாய்க்கிழமையே முழுச் சண்டை போட முடிகிறது. அறைக்குத் திரும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒரு வீடியோ எடுத்தேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. கேட்காமல் செய்தது தப்பு, பயந்துதான் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். மேட்டுக்குப் போய் அதை அனுப்பிவிட்டு வந்து, போனைப் பெட்டிக்குள் வைத்தேன், ஐந்து நிமிஷத்தில் எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

பதில் புதன்கிழமை மத்தியான இடைவேளையில்தான் வந்தது. கடையில், பிரித்துப் போட்ட ஒரு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கறுப்பு. கோபம் இன்னும் இருக்கு, என்றார். அடுத்த தடவை எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று சேர்ந்து பேசணும். சனிக்கிழமை. அதற்கு முன்னால் போனில் பேச வேண்டாம், நீ கையை வீசுவாய். கொஞ்சம் நிறுத்தி, கீழே கிடந்த செயினை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரும்போது சமையல் அக்காவிடம் சாமை அரிசி கிடைத்தால் வாங்கி வா, என்றார்.

தொட்டி மேட்டிலேயே நின்று மூன்று தடவை பார்த்தேன். வெயில் திரையில் விழுந்தது. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். கோபம் என்று சொல்லும்போது அவர் விரல்கள் எவ்வளவு மடங்கின என்பதுவரை தெரிந்தது. சனிக்கிழமை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மணி அடித்தது. சமையல் அக்கா பாத்திரம் கழுவிவிட்டுக் கிளம்புவதற்குள் சாமையைச் சொல்லிவிடலாம் என்று இறங்கி ஓடினேன்.